மிதித்தால் மாற வேண்டும்

எலக்ட்ரிக் கிதார் வாசிப்பவருக்கு ஒரே பாட்டுக்குள் இரண்டு ஒலி தேவைப்படும். பாடகர் பாடும்போது பின்னால் நின்று, ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கும் ஒலி ஒன்று. பாட்டு உச்சத்துக்குப் போகும்போதோ தனி வாசிப்பு வரும்போதோ உறுமிக்கொண்டு நீளும் ஒலி இன்னொன்று. முதலாவதை ‘க்ளீன்’ என்பார்கள். இரண்டாவதை ‘டிரைவ்’ என்றோ ‘லீட்’ என்றோ சொல்வார்கள். இந்த இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்து, காலால் ஒரு சுவிட்சை மிதித்த நொடியில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ வைப்பதுதான் இரண்டு சேனல் வால்வு ஆம்ப்ளிஃபயரின் வேலை. சொல்வதற்கு எளிது. அந்த ஒரு மிதியைச் சரியாக அமைப்பதற்காக ஏறக்குறைய அரை நூற்றாண்டாக ஆம்ப் கட்டுபவர்களும் வாசிப்பவர்களும் பழுது பார்ப்பவர்களும் மல்லுக்கட்டி வருகிறார்கள்.

வால்வு ரேடியோ இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஆம்ப்பின் உள்ளே இருப்பது அந்நியமாகத் தோன்றாது. கண்ணாடிக் குழாய்க்குள் இழை சிவந்து எரிகிறது. சூடேறிய உலோகத்திலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பி எதிரே உள்ள தகட்டுக்குப் பாய்கின்றன. நடுவில் இருக்கும் கம்பி வலைக்குக் கொடுக்கும் சிறிய சிக்னல் அந்தப் பாய்ச்சலைக் கூட்டிக் குறைக்கிறது. கிதாரிலிருந்து வருவதை முதலில் வாங்கிக்கொள்வது 12ஏஎக்ஸ்7 என்ற சிறு வால்வு. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் அதற்கு ஈசிசி83 என்று பெயர். கடைசியில் ஸ்பீக்கரை அசைக்கும் பலத்தைத் தருவது 6எல்6, 6வி6, ஈஎல்34 போன்ற பெரிய வால்வுகள். ஒரு வால்வு தாங்கும் அளவுக்கு மேல் சிக்னலைக் கொடுத்தால் அலையின் முனை மழுங்கும். ரேடியோக்காரர்கள் அதைக் கோளாறு என்பார்கள். கிதார்காரர்கள் அதையே டிரைவ் என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

இரண்டு சேனல் என்பது ஆம்ப்களின் முகப்பில் வெகு காலம் முன்பே வந்துவிட்டது, ஆனால் வேறு காரணத்துக்காக. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டரின் தொழிற்சாலை 1963-இல் வெளியிட்ட டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்ப்பைப் பாருங்கள். இரண்டு 6வி6 வால்வுகள், 22 வாட், ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். முகப்பின் இடப்பக்கம் ‘நார்மல்’, வலப்பக்கம் ‘வைப்ரேட்டோ’. இரண்டுமே க்ளீன்தான். வலப்பக்கத்துக்கு எதிரொலி போல் முழங்கும் ரிவெர்ப்பும், ஒலியை அலையாக ஏற்றி இறக்கும் வசதியும் கூடுதல், அவ்வளவே. இரண்டு பேர் ஒரே ஆம்ப்பில் செருகிக்கொள்ளலாம் என்பதுதான் அன்றைய கணக்கு. அதற்கு முந்தைய ஃபெண்டர் ஆம்ப்கள் சிலவற்றில் ஒரு சேனலை மைக்குக்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். இரண்டு சேனலும் எப்போதும் உயிரோடு இருக்கும். நடுவே சுவிட்ச் கிடையாது.

இரண்டையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து ஒன்றாக வாசித்துப் பார்க்கலாமே என்று முயன்றவர்களுக்கு இந்த ஆம்ப் ஏமாற்றம் தந்தது. ஒலி கூடுவதற்குப் பதில் மெலிந்துபோனது. காரணம் எளிது. வைப்ரேட்டோ பக்கத்துச் சிக்னல் ஒரு வால்வு நிலையை அதிகமாகக் கடக்கிறது. ஒவ்வொரு நிலையும் அலையைத் தலைகீழாகத் திருப்பும். ஆகவே இரண்டு பக்கமும் சேரும் இடத்தில் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்கின்றன. நார்மல் சேனலின் குமிழ்களைப் பல ஆண்டுகளாகத் தொட்டே பார்க்காத டீலக்ஸ் ரிவெர்ப் சொந்தக்காரர்கள் ஏராளம்.

லண்டனில் கதை வேறு மாதிரி நடந்தது. மேற்கு லண்டனின் ஹேன்வெல்லில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோர் 1962-இல் ஃபெண்டரின் பேஸ்மேன் ஆம்ப்பை அடியொற்றி ஒன்றைக் கட்டினார்கள். அதிலும் பின்னால் வந்த 100 வாட் சூப்பர் லீடிலும் இரண்டு சேனல்கள்: ஒன்று கூர்மையானது, மற்றது தடித்தது. இங்கே இரண்டும் ஒரே திசையில் ஓடுவதால், ஒன்றின் காலி ஜாக்கிலிருந்து மற்றதன் ஜாக்குக்கு ஒரு சாண் கேபிளைப் போட்டால் இரண்டும் அழகாகக் கலக்கும். கூர்மை வேண்டுமானால் ஒரு குமிழ், கனம் வேண்டுமானால் இன்னொரு குமிழ். பழைய மார்ஷல்களை இன்றும் இப்படித்தான் பலர் வாசிக்கிறார்கள்.

ஆனாலும் பாட்டின் நடுவில் க்ளீனிலிருந்து டிரைவுக்குத் தாவும் வழி இதில் இல்லை. 1970-களின் மேடைக் கலைஞர்கள் கைக்குக் கிடைத்ததை வைத்துச் சமாளித்தார்கள். ஆம்ப்பை முழுசாகத் திறந்துவிட்டு, கிதாரின் வால்யூமைக் குறைத்தால் க்ளீன், கூட்டினால் டிரைவ் என்று சிலர் விரலிலேயே சேனல் மாற்றினார்கள். அந்தக் கைப்பழக்கம் வந்தவர்களுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. சிலர் இரண்டு ஆம்ப்களை மேடையில் அடுக்கி, நடுவில் ஒரு மாற்றுப் பெட்டியை வைத்தார்கள். வசதியில்லாதவர்கள் ஒலியை முறுக்கும் ஒரு ஃபஸ் பெடலை வாங்கிக் காலடியில் போட்டார்கள்.

இந்தத் தவிப்புக்கு விடை கலிஃபோர்னியாவின் மில் வேலி ஊரில், ப்ரூன் மியூசிக் என்ற கடையின் பின்னறையில் தொடங்கியது. அங்கே ஆம்ப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர் ராண்டல் ஸ்மித். கன்ட்ரி ஜோ அண்ட் த ஃபிஷ் குழுவின் கிதார் கலைஞர் பேரி மெல்ட்டனின் ஆம்ப்பில் ஒரு குறும்பு செய்தார். வீட்டில் பழகுவதற்கென்று செய்யப்பட்ட 12 வாட் ஃபெண்டர் பிரின்ஸ்டனின் குடலை எடுத்துவிட்டு, பேஸ்மேனின் சர்க்யூட்டையும் பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர்களையும் ஒரு 12 அங்குல ஜேபிஎல் ஸ்பீக்கரையும் உள்ளே திணித்தார். வெளியிலிருந்து பார்த்தால் அதே சின்னப் பெட்டி. சோதித்துப் பார்க்க அன்று கடையில் இருந்த கிதார் கலைஞர் கார்லோஸ் சந்தானாவிடம் கொடுத்தார்கள். அவர் வாசிக்க வாசிக்கத் தெருவில் கூட்டம் கூடிவிட்டது. இந்தச் சின்னது நன்றாக ‘பூகி’ போடுகிறதே என்ற பொருளில் சந்தானா சொன்ன வார்த்தைதான் ஸ்மித்தின் மீசா பூகி நிறுவனத்தின் பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்த படி அதைவிட முக்கியமானது. லீ மைக்கேல்ஸ் என்ற இசைக்கலைஞருக்கு ஒரு முன்பெருக்கி வேண்டியிருந்தது. அவரிடமிருந்த கிரௌன் டிசி 300 பவர் ஆம்ப்களை ஓட்டும் அளவுக்குச் சிக்னல் வேண்டும். எவ்வளவு தேவைப்படும் என்று தெரியாததால் ஸ்மித் வழக்கத்துக்கு மேல் ஒரு வால்வு நிலையைச் சேர்த்தார். வெவ்வேறு இடங்களில் மூன்று வால்யூம் குமிழ்களையும் வைத்தார். ஒரு நிலை பெருக்கியதை அடுத்த நிலை வாங்கி மேலும் பெருக்கி, அதையும் அடுத்தது வாங்கிக்கொள்ளும் இந்த அமைப்பில், கடைசிக் குமிழைக் குறைத்து வைத்தால் மெல்லிய சத்தத்திலேயே நீண்டு பாடும் டிரைவ் கிடைத்தது. அதுவரை அந்த ஒலிக்கு 100 வாட் ஆம்ப்பைக் காது கிழிய அலற விட வேண்டியிருந்தது. 1970-களின் தொடக்கத்தில் வந்த பூகி மார்க் ஒன் இந்த அடித்தளத்தில் எழுந்தது. அதிலும் இரண்டு வாசல்கள் இருந்தன. பழைய ஃபெண்டர் ஒலிக்கு ஒரு ஜாக், லீடுக்கு இன்னொரு ஜாக். மாற வேண்டுமானால் கேபிளைப் பிடுங்கி அடுத்த ஓட்டையில் செருக வேண்டும்.

கேபிளைப் பிடுங்கும் வேலையைக் காலுக்குக் கொடுத்தது 1978-இல் வந்த மார்க் டூ. இரண்டு விதமாக இயங்கும் ஆம்ப்ளிஃபயருக்கான அமெரிக்கக் காப்புரிமை ஸ்மித்துக்கு 1980-இல் கிடைத்தது. இன்று உலகெங்கும் விற்கும் சேனல் மாற்றும் ஆம்ப்கள் எல்லாவற்றுக்கும் மூத்தது இதுதான்.

மூத்ததுக்கே உரிய கோளாறுகளும் அதனிடம் இருந்தன. தொடக்ககால மார்க் டூ ஆம்ப்களில் சுவிட்சை மிதித்தால் ஸ்பீக்கரில் ‘டப்’ என்று ஒரு சத்தம் விழும். அமைதியான பாட்டில் அந்த ‘டப்’ கடைசி வரிசை வரை கேட்கும். அடுத்தடுத்த வடிவங்களில் ஸ்மித் இதைத் திருத்தினார். மார்க் டூ சி வந்தபோது, வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் ஒரு சிறு உறுப்பைக் கொண்டு சிக்னலைச் சத்தமில்லாமல் மாற்றினார்கள். ஒலி மாறும் இடம் கேட்பவருக்குத் தெரியக் கூடாது. மாறிய ஒலி மட்டும் தெரிய வேண்டும். ஆம்ப் கட்டும் தொழிலில் இந்தத் திருத்தத்துக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். புகழெல்லாம் லீட் சேனலுக்குப் போய்விட்டது.

மார்க் டூவை வாசித்தவர்கள் கற்றுக்கொண்ட இன்னொரு பாடம் குமிழ்களைப் பற்றியது. அதில் இரண்டு சேனலுக்கும் ஒரே ட்ரெபிள், ஒரே மிடில், ஒரே பேஸ். முதல் வால்யூம் குமிழும் பொதுதான். போதாக்குறைக்கு, இந்தக் குமிழ்கள் டிரைவ் உண்டாகும் இடத்துக்கு முன்னால் இருக்கின்றன. அடி ஒலியை அங்கே கூட்டினால் அது டிரைவுக்குள் போய்க் கூழாகிவிடும். தாழ்ந்த தந்தியில் வேகமாக வாசித்தால் எந்தச் சுரம் எங்கே தொடங்கியது என்றே தெரியாது. அதனால் அனுபவப்பட்ட பூகி வாசிப்பாளர்கள் பேஸ் குமிழை ஏறக்குறைய மூடியே வைப்பார்கள். ஒன்றோ இரண்டோ, அதற்கு மேல் போகமாட்டார்கள். ட்ரெபிளை ஏழு எட்டு வரை ஏற்றுவார்கள். இழந்த அடி ஒலியைத் திரும்பப் பெற, டிரைவுக்குப் பின்னால் இருக்கும் ஐந்து பட்டைக் கிராஃபிக் ஈக்வலைசரில் 80 ஹெர்ட்ஸ் கட்டையை மேலே தள்ளுவார்கள். நடுவிலுள்ள 750 ஹெர்ட்ஸைக் கீழே இறக்குவார்கள். அந்த ஐந்து கட்டைகளும் ஆங்கில ‘வி’ எழுத்துப் போல் நிற்பதைப் பார்த்தாலே அந்த ஆம்ப் யாருடைய கையில் இருக்கிறது, எந்த இசைக்கு ஓடுகிறது என்று சொல்லிவிடலாம்.

இவ்வளவும் லீட் சேனலுக்காக. அதே பேஸ் குமிழ் மூடிக் கிடக்கும்போது க்ளீன் சேனலுக்குத் தாவினால், ஒலி மெலிந்து தகரமாகக் கேட்கும். முதல் வால்யூம் குமிழை லீடுக்காக ஏழில் வைத்திருந்தால் க்ளீன் சேனலும் கரகரக்கத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசப் புள்ளியைத் தேடி எத்தனையோ பேர் மணிக்கணக்கில் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தேடியதில் மகிழ்ச்சி கண்டவர்கள், ஒரு சேனலைத் தங்கள் வீடாகத் தேர்ந்தெடுத்து, மற்றதைத் தேவைக்குப் போய்வரும் இடமாக வைத்துக்கொண்டவர்கள். 1985-இல் கோப்பன்ஹேகனின் ஸ்வீட் சைலன்ஸ் ஸ்டூடியோவில் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ பதிவான சமயத்தில் மெட்டாலிகா குழுவினர் மார்க் டூ சி பிளஸ் ஆம்ப்களைக் கொண்டுவந்தது அதன் லீட் சேனலுக்காக. அந்த ஆல்பத்தின் ரிதம் கிதார் ஒலியை இன்றும் பிரதி எடுக்க முயல்கிறார்கள். தேவை அவ்வளவு இருந்ததால் அந்த மாதிரியையே மீசா பூகி 2024-இல் மீண்டும் தயாரித்தது. லீடுக்குத் தனிக் குமிழ்கள் வேண்டும் என்ற நெடுநாள் கோரிக்கை 1990 வாக்கில் வந்த மார்க் ஃபோரில்தான் நிறைவேறியது.

அலெக்சாண்டர் டம்பிள் வேறு வழியில் போனார். 2022-இல் மறைந்த இந்தக் கலிஃபோர்னியக் கைவினைஞர், ஒவ்வொரு ஆம்ப்பையும் வாங்குபவரின் விரலுக்கு ஏற்பக் கட்டினார். சர்க்யூட்டைப் பிறர் படிக்காதபடி பல ஆம்ப்களில் அதன் மேல் பிசினை ஊற்றிக் கெட்டியாக்கிவிட்டார். அவருடைய ஓவர்டிரைவ் ஸ்பெஷலில் டிரைவ் என்பது தனிச் சேனலாக ஓரமாக நிற்பதில்லை. க்ளீன் சேனலில் உருவான ஒலி அப்படியே அடுத்த வால்வுக்குள் நுழைந்து முறுகுகிறது. அதனால் மிதித்ததும் ஆள் மாறியதாகத் தோன்றாது. அதே ஆள் குரலை உயர்த்துவதாகக் கேட்கும். அந்த ஆம்ப்பை வாசித்த கிதார் கலைஞர் ராபன் ஃபோர்டின் வாசிப்பைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டிரைவைச் சுவைப்பவர்கள் முதலில் க்ளீனைச் சரியாக வைக்கப் பழக வேண்டும் என்பதை இந்த ஆம்ப் வாசிப்பவருக்குக் கட்டாயமாகக் கற்றுத்தரும். இரண்டு சேனல் என்ற எண்ணத்தின் மிக நேர்த்தியான வடிவம் இதுதான்.

மார்ஷல் 1982-இல் ஜேசிஎம் 800 வரிசையில் 2205, 2210 என்று இரண்டு சேனல் ‘தலை’களை, அதாவது ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டிகளைக் கொண்டுவந்தது. முன்னது 50 வாட், பின்னது 100 வாட். தூய்மைவாதிகள் முகம் சுளித்தார்கள். டிரைவ் முழுக்க வால்வில் உருவாகாமல் நடுவில் டயோடுகள் அலையை வெட்டுவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. தொடக்ககாலத் தலைகளில் ஒரு சேனலின் சத்தம் மற்றதற்குள் கசிவதும், ஒன்றின் குமிழைத் திருப்பினால் மற்றதன் ஒலி லேசாக மாறுவதும் பழுது பார்ப்பவர்களுக்குப் பழகிப்போன புகார்கள். ஒற்றைச் சேனல் 2203-க்கு இருந்த மரியாதை இவற்றுக்குக் கடைசி வரை வரவில்லை.

ஆனால் ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழுவின் டாம் மொரெல்லோ 1992-இல் வந்த முதல் ஆல்பத்திலிருந்து வாசித்து வருவது அந்த 2205 தலையும் ஒரு பீவி ஸ்பீக்கர் பெட்டியும்தான். தேடித் தேடி வாங்கிய பொருள்கள் அல்ல அவை. முன்பிருந்த கருவிகள் களவுபோனபோது கைக்குக் கிடைத்தவை. அந்த ஒலி தனக்குத் திருப்தியாக இல்லாமல் நீண்ட நேரம் குமிழ்களோடு போராடியதையும், ஒரு கட்டத்தில் இருப்பதில் ஓரளவு நன்றாக இருந்த இடத்தைக் குறித்து வைத்துவிட்டு வாசிப்பில் இறங்கியதையும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கிதாரின் சுவிட்சைத் தட்டித் தட்டி அவர் எழுப்பும் விந்தையான சத்தங்கள் எல்லாம் அந்த ஒரே அமைப்பின் வழியாக வெளியே வந்தவை. ஆம்ப் மாற்றி ஆம்ப் வாங்கிக்கொண்டிருக்கும் இளைஞர்கள் படிக்க வேண்டிய வரலாறு இது.

மிஸிஸிப்பியின் மெரிடியன் நகரிலிருந்து பீவி நிறுவனம் கிதார் கலைஞர் எடி வான் ஹேலனோடு சேர்ந்து 1992-இல் வெளியிட்ட 5150 இன்னொரு எல்லை. 120 வாட், நான்கு 6எல்6. பெயருக்கு ரிதம் சேனல், லீட் சேனல் என்று இரண்டு. ஆனால் இரண்டுக்கும் ஒரே டோன் குமிழ்கள், ரிதம் சேனலில் உண்மையான க்ளீன் கிடைப்பது அரிது. பவர் வால்வுகளின் ஓய்வு மின்னோட்டத்தை, அதாவது பயஸைத் திருத்த உள்ளே திருகுகூடக் கிடையாது. குறைகளை எண்ணினால் பட்டியல் நீளும். ஆனால் மெட்டல் வாசிப்பவர்கள் க்ளீனைக் கேட்டு இந்த ஆம்ப்பிடம் வரவில்லை. லீட் சேனலில் இறுக்கமாக வெட்டும் ரிதமுக்காக வந்தார்கள், தங்கிவிட்டார்கள். 2004-இல் வான் ஹேலன் பிரிந்துபோன பின் 6505 என்ற பெயரில் அதே சர்க்யூட் தொடர்ந்து விற்கிறது.

பெரிய பெயர்களை விட்டுவிட்டு, வாரக் கடைசியில் கிளப்புகளிலும் திருமண விழாக்களிலும் வாசிக்கும் அமெரிக்க, ஐரோப்பியக் கலைஞர்களின் முதுகுக்குப் பின்னால் பார்த்தால் பெரும்பாலும் தெரிவது ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸ். 1996-இல் வந்தது. இரண்டு 6எல்6, 40 வாட், ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், க்ளீனும் டிரைவும், டிரைவுக்கு மேல் இன்னொரு படி டிரைவும். வாடகைக்கு ஆம்ப் விடுபவர்கள் பலரிடமும் இது இருக்கும். வாசிப்பவர்கள் சொல்லும் கதை ஊருக்கு ஊர் ஒன்றுபோலவே இருக்கிறது. க்ளீன் அருமை, டிரைவ் கரடுமுரடு, அதனால் க்ளீன் சேனலில் நிறுத்திவிட்டு டிரைவைப் பெடலில் எடுத்துக்கொள்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய இரண்டாவது சேனல் சும்மா கிடக்கிறது.

இன்னொரு புகார் வால்யூம் குமிழ். ஒன்றிலிருந்து இரண்டுக்கு நகர்த்துவதற்குள் அறை அதிர்ந்துவிடும்; இரண்டுக்கு மேல் உள்ள இடமெல்லாம் அலங்காரம். குமிழ் தன் பயணத்தின் தொடக்கத்திலேயே பெரும்பகுதிச் சத்தத்தைக் கொடுத்துவிடுவதுதான் காரணம். பின்னால் வந்த வடிவங்களில் ஃபெண்டர் இதைச் சீர்செய்தது. பழைய ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு மலிவான வைத்தியம் உண்டு. முதல் இடத்தில் உள்ள 12ஏஎக்ஸ்7-ஐக் கழற்றிவிட்டு 5751 அல்லது 12ஏஒய்7 வால்வைப் போடுவது. 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கக் காரணி 100, 5751-க்கு 70, 12ஏஒய்7-க்கு 44 அளவில். குமிழ் கொஞ்சம் நிதானமாகும், டிரைவின் முரட்டுத்தனமும் தணியும்.

பழுது பார்க்கும் மேசைக்கு இந்த ஆம்ப் வரும்போது வாடிக்கையாளர் சொல்வது பெரும்பாலும் இதுதான்: தானாகவே சேனல் மாறுகிறது, அல்லது மிதித்தாலும் மாறுவதில்லை, சில நாள் ரிவெர்ப்பும் காணாமல் போகிறது. வால்வு போய்விட்டது என்று நினைத்துப் புது வால்வுகளும் வாங்கி வந்திருப்பார். பழக்கப்பட்ட மெக்கானிக் வால்வுகளைத் தொடமாட்டார். பிளக்கைப் பிடுங்கி, சேஸியை வெளியே எடுத்து, 400 வோல்ட்டைத் தாண்டிய மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடிப்பார். மீட்டர் வைத்து, வடிந்துவிட்டதை உறுதி செய்வார். ஒரு கையைப் பையில் வைத்துக்கொண்டே உள்ளே தொடும் பழக்கம் பழைய வால்வுக்காரர்களுக்கு உண்டு. தவறி மின்சாரம் பாய்ந்தால் அது நெஞ்சைக் கடக்கக் கூடாது என்பதற்காக.

பிறகு போர்டில் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கும் இரண்டு வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டர்களைத் தேடுவார். 470 ஓம், 5 வாட். சேனல் மாற்றும் ரிலேவுக்கும் ரிவெர்ப்பை ஓட்டும் ஐசிக்கும் வேண்டிய 16 வோல்ட் இவற்றின் வழியாகத்தான் இறங்கி வருகிறது. மணிக்கணக்கில் கொதித்துக் கொதித்து இவற்றைச் சுற்றியுள்ள போர்டு பழுப்பேறியிருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் கால்களைச் சுற்றி ஈயத்தில் வட்டமாக ஒரு மெல்லிய விரிசல். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, புது ரெசிஸ்டர்களைப் போர்டிலிருந்து சற்று உயர்த்தி, காற்றோட்டம் படும்படி வைத்துப் பற்றவைத்தால் வேலை முடிந்தது. பொருளின் விலை அற்பம். இரண்டு சேனல் ஆம்ப்களில் தொல்லை தருவது பெரும்பாலும் வால்வு அல்ல. சேனலை மாற்றுவதற்காகச் சேர்த்த ரிலே, ஜாக், சுவிட்ச், அவற்றுக்கான சின்ன மின்வழங்கி ஆகியவைதான். இந்த மேசையின் முன் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் உண்மை இது.

அதே வகையில் இன்னொன்று, திடீரென்று சத்தம் குறைந்துபோவது. பின்பக்கத்தில், வெளிக் கருவியை நடுவில் இணைக்க உதவும் எஃபெக்ட்ஸ் லூப் ஜாக்குகள் இருக்கும் ஆம்ப் என்றால், ஒரு சிறு கேபிளை எடுத்து அனுப்பும் ஜாக்கையும் வாங்கும் ஜாக்கையும் இணைத்துப் பார்க்க வேண்டும். சத்தம் திரும்பி வந்தால், ஜாக்குக்குள் இருக்கும் தொடுமுனையில் களிம்பு பிடித்திருக்கிறது என்று பொருள். சுத்தம் செய்தால் சரியாகிவிடும். கடற்காற்று வீசும் ஊர்களில் இதை அடிக்கடி எதிர்பார்க்கலாம்.

வால்வு தவறு செய்யும் இடமும் உண்டு. க்ளீன் சேனலில் நன்றாக இருந்து, லீடுக்கு மாறியதும் கிணுகிணுப்போ ஊளையோ வந்தால், முன்வரிசை வால்வுகளில் ஒன்று மைக் மாதிரி நடந்துகொள்கிறது. அதன் உள்ளுறுப்புகள் தளர்ந்து அதிர்வைச் சிக்னலாக மாற்றுகின்றன. ஆம்ப்பை ஓடவிட்டு, ஒரு மரப் பென்சிலால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டினால் குற்றவாளி ஸ்பீக்கர் வழியாகக் கணீரென்று பதில் சொல்லிவிடும். லீட் சேனலில் பெருக்கம் பல மடங்கு என்பதால் சிறு குறையும் அங்கே பெரிதாகத் தெரிகிறது.

ஆம்ப் நல்ல நிலையில் இருந்தும் மேடையில் ஏமாந்துபோன வாசிப்பாளர்களின் அனுபவம் தனி. வீட்டில் மெல்லிய சத்தத்தில் இரண்டு சேனலையும் சமமாக்கி வைத்திருப்பார்கள். குறைந்த சத்தத்தில் மனிதக் காதுக்கு அடி ஒலி மங்கலாகவே கேட்கும். அதனால் லீட் சேனலில் அடியைக் கூட்டி, நடு ஒலியைக் குறைத்து வைப்பார்கள். தனியாகக் கேட்க மிரட்டலாக இருக்கும். மேடையில் டிரம்மும் பேஸ் கிதாரும் சேர்ந்ததும் தனி வாசிப்புக்காக மிதித்தால் கிதார் காணாமல் போகும். அடி ஒலியை பேஸ் கிதார் விழுங்கிவிடும், மேல் ஒலியை சிம்பல் மூடிவிடும், கிதாருக்கென்று எஞ்சிய நடு ஒலியை அவரே வெட்டி வைத்திருப்பார். இன்னொரு காரணம் பவர் வால்வுகள். க்ளீன் சேனலே அவற்றின் எல்லையைத் தொட்டுவிட்டால், லீடுக்கு மாறும்போது மேலே போக இடம் இருக்காது. அதிக வாட் வாங்கினால் தீரும் என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும்: ஃபெண்டரின் 22 வாட் டீலக்ஸ் ரிவெர்ப்புக்கும் 85 வாட் ட்வின் ரிவெர்ப்புக்கும் உள்ள வேறுபாடு 6 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும்.

வால்வு கிடைப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். இன்று கிதார் ஆம்ப் வால்வுகள் முக்கியமாக மூன்று நாடுகளிலிருந்து வருகின்றன: ரஷ்யாவின் சரடோவ் தொழிற்சாலை, ஸ்லோவாகியாவின் ஜேஜே, சீனத் தொழிற்சாலைகள். 2022-இல் ரஷ்யா ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது உலகம் முழுக்கத் தட்டுப்பாடு வந்தது, விலை ஏறியது, அவசரத்தில் வாங்கிக் குவித்தவர்களும் உண்டு. நம் பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் ரேடியோக்களுக்காக வால்வு தயாரித்தது. அந்தப் பழைய இருப்பில் மிச்சம் இருப்பதை வெளிநாட்டு ஆம்ப் ஆர்வலர்கள் தேடி வாங்குகிறார்கள். பழைய ரேடியோ கடைகளின் பரணில் அவை கிடந்தால் குப்பையில் போட வேண்டாம்.

பழைய இரண்டு சேனல் வால்வு ஆம்ப் வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பின்பக்கத்தில் எத்தனை வோல்ட் என்று முதலில் படியுங்கள். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது 120 வோல்ட் ஆம்ப்பாக இருக்கும். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அந்த நொடியே புகைந்துவிடும், 300 வாட்டுக்குக் குறையாத ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஸ்பீக்கர் இணைக்காத வால்வு ஆம்ப்பை ஒருபோதும் ஓடவிடாதீர்கள், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும். சூடாகும் வரை அரை மணி நேரம் வாசியுங்கள். விரிசல்கள் சூட்டில்தான் வாய் திறக்கும். கால் சுவிட்ச் இல்லை என்று விற்பவர் சொன்னால் ஒன்றைத் தேடிக் கொண்டுவரச் சொல்லுங்கள். க்ளீன் சேனல் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிரைவைப் பிற்பாடு ஒரு பெடலில் வாங்கலாம், நல்ல க்ளீனைப் பெடலில் வாங்க முடியாது. பிறகு மேடை அளவுச் சத்தத்தில் திரும்பத் திரும்ப மிதித்துப் பாருங்கள். ஒரு முறை மாறத் தவறினாலும், பழுதுச் செலவைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.